செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் மேட்ச் இல்லை, மைதானம் பார்த்தோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல், கொலு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் வழக்கம்போல நன்றாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நிறைய பேர் என்னைப் பிடித்துக் கேட்டது கிரிக்கெட் போட்டி என்ன ஆச்சு என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மைதானம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆடத்தான் முடியவில்லை, பழைய டெஸ்ட் மைதானங்களையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று மாட்டுங்காவில் வண்டி ஏறி மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கினோம்.

முதலில் ஆசாத் மைதானத்தின் தென்கோடியில் இருக்கும் பாம்பே ஜிம்கானா என்ற விளையாட்டு கிளப். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வெளியே நின்றுதான் பார்த்தோம். இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் 1933 டிசம்பரில் இங்கேதான் நடந்தது, இந்தியரை உறுப்பினராகவே சேர்க்காத கிளப்பில்! இங்கிலாந்துக்குக் கேப்டன் ஜார்டின், அவர் பிறந்ததே இந்த ஊரில்தான். நாம் தோற்றோம், ஆனால் தன் முதல் டெஸ்டிலேயே லாலா அமர்நாத் 118 அடித்தார், இந்தியாவின் முதல் டெஸ்ட் சதம் அது. அதற்கப்புறம் அங்கே டெஸ்டே கிடையாது.

இடத்துக்கு அடிபிடி இந்த ஊரில் புதிதில்லை. 1880களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் கிரிக்கெட் தரையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நம்மவர்கள் ஆடும் பகுதியில் போலோ ஆடினார்கள். குதிரைக் குளம்பு பட்ட தரையில் பந்து எப்படி எழும்பும் என்று யாருக்குத் தெரியும்? பார்சிகள் முன்னின்று அரசுக்கு மனுமேல் மனு போட்டார்கள். பின்னால்தான் கடலோரத்தில் பார்சி, இஸ்லாம், இந்து ஜிம்கானாக்களுக்கு இடம் கிடைத்தது. மரைன் டிரைவில் இன்றும் அவை வரிசையாக இருக்கின்றன.

அடுத்து பிராபோர்ன் ஸ்டேடியம், கடலைத் தூர்த்த நிலத்தில் 1937இல் திறந்தது. நம்மவர் கதை இங்கே ஒன்று உண்டு. 1969 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆடும்போது நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன் கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட்டார். மட்டையில் படவே இல்லை என்று கூட்டம் கொதித்துப் பாட்டில் பறந்தது, நாற்காலிகள் எரிந்தன. அந்தப் புகையிலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கேட்ட பையன்களுக்கு வாய் மூடவில்லை, அதில் ஒருவன் "அப்போ ரிவ்யூ இல்லையா மாமா?" என்றான்.

பிராபோர்னை வைத்திருந்த கிளப்புக்கும் பாம்பே கிரிக்கெட் சங்கத்துக்கும் டிக்கெட் தகராறு முற்றி, நடந்தே போகும் தூரத்தில் 1975இல் வான்கடே ஸ்டேடியம் வந்துவிட்டது. பிராபோர்னில் 1973க்குப் பிறகு 2009இல்தான் மறுபடி டெஸ்ட் நடந்தது. சீட்டுக்காக ஒரு ஸ்டேடியமே கட்டிய ஊர், நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தராததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

1969 ஆட்டத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் நம்மில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், ஒரு மாலை உட்கார்ந்து கேட்போம். அடுத்த போட்டிக்கு மழைக்காலம் முடிவதற்குள் மைதானத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அலைய இரண்டு இளைஞர்கள் தேவை, கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.