அந்த அம்மாவின் கேள்வி

அன்புள்ள கண்ணம்மா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் அமைப்பின் நாடகம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அடிபடும் மனைவியாக நீ நின்றபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் அவள் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுக்கிறாள். கைதட்டல் ஓய்வதற்குள் நீங்கள் திரைச்சீலையைச் சுருட்டத் தொடங்கிவிட்டீர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏதோ சொல்ல எழுந்து நின்றார். உங்களில் யாரும் பார்க்கவில்லை. நான் போய் விசாரித்தேன். "புகார் கொடுத்த அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் நாடகத்திலும் இல்லை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலுக்கும் இப்படி ஒரு அடி விழுந்திருக்கிறது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று அவர் குழு உழவர்கள் முன்னால் பாடி நடித்தது. விர்ஜிலியோ என்ற உழவர் நெகிழ்ந்துபோய், "துப்பாக்கிகளோடு இப்போதே வாருங்கள், பண்ணையாரின் ஆட்களை விரட்டுவோம்" என்றார். இவை நாடகத்துக்குச் செய்த பொய்த் துப்பாக்கிகள் என்றார்கள். எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்றார் அவர். குழு தயங்கி நின்றது. அப்படியென்றால் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தைத்தானா என்று அவர் கேட்டுவிட்டார். தான் செய்யத் துணியாததைப் பிறருக்கு அறிவுரையாகச் சொல்வதில்லை என்று போவால் அன்றே முடிவெடுத்தார்.

பிறகு 1973இல் பெரு நாட்டில், தான் சொன்ன முடிவை நடிகர்கள் எப்படி நடித்துக் காட்டியும் திருப்தியடையாத ஒரு பார்வையாளர் பெண்ணை அவர் மேடைக்கே அழைத்தார். முடிவை அந்தப் பெண்ணே நடித்துக் காட்டினார். பார்வையாளர் எழுந்து வந்து கதையை மாற்றும் 'மன்ற நாடகம்' அந்த வழியில் வளர்ந்ததுதான். 1992இல் ரியோ நகர மன்றத்துக்குத் தேர்வான பின்னும் மக்களோடு நாடகம் போட்டே சட்ட யோசனைகளைத் திரட்டினார். அவற்றில் 13 சட்டங்களாயின.

நிதி தருகிறவர்கள் எத்தனை காட்சி, எத்தனை பேர் என்று கேட்பார்கள். அந்தக் கணக்கை எழுதத்தான் வேண்டும். உங்கள் சம்பளம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்காக ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு ஓடாதீர்கள். ஓர் இடத்தில் உட்காருங்கள். புகார் கொடுக்கும் காட்சிக்கு முன்பே நாடகத்தை நிறுத்திவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். வருகிறவர் தடுமாறினாலும், உங்களுக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னாலும் குறுக்கே பேசாதே. அடி வாங்கியவருக்குத் தெரிந்தது உனக்கும் எனக்கும் தெரியாது, கண்ணம்மா.

அடுத்த ஒத்திகைக்கு வருவீர்களா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வருகிறேன் என்றார். அதற்கு முதலில் ஓர் ஆளை ஏற்பாடு செய்.

அன்புடன்,
அம்மா