ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் நலம்தானே? நீ ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னது. வகுப்பில் 'என் பெயர் இன்னது' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இங்கே ஓட்டல் அடுப்படியில் அதை யாரும் கேட்பதில்லை. காலையில் நுழைந்ததுமே 'லாவா', 'கோர்த்தா', 'சாக்கா'. கழுவு, நறுக்கு, வெளியே எடு. ஒவ்வொன்றுக்கும் 'ஒயீதோ' என்று உரக்கச் சொல்ல வேண்டும், காதில் விழுந்தது என்று. இல்லாவிட்டால் மறுபடியும் கத்துவார்கள்.

ஆகவே ஏவல் வினையை முதலில் படி. அது சுலபம். 'ஆப்லா' என்றால் அவன் பேசுகிறான். 'பேசு' என்பதற்கும் அதே 'ஆப்லா'தான். 'கோமே' என்றால் சாப்பிடுகிறான், சாப்பிடு, இரண்டும். இந்த விதிக்கு அடங்காதவை எட்டு: வென் (வா), வே (போ), போன் (வை), தென் (பிடி), தி (சொல்), ஆத் (செய்), சால் (வெளியே போ), ஸே (இரு). இவற்றை மனப்பாடம் செய்துவிடு, நாள் முழுக்க இவைதான் பறக்கும். கையில் எதையாவது நீட்டும்போது நாம் 'இந்தா' என்கிற இடத்தில் இவர்கள் 'தென்' என்பார்கள்.

யாருக்கு, எதை என்பதெல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'தீமே' என்றால் எனக்குச் சொல். 'தாமெலோ' என்றால் அதை எனக்குக் கொடு, எல்லாம் ஒரே சொல். ஆனால் 'பேசாதே' என்பதற்கு 'நோ ஆப்லா' என்று சொல்லிவிடாதே, அது 'நோ ஆப்லெஸ்'. அந்தக் கதை பிறகு.

பலரைக் கூப்பிட இலக்கணப்படி 'வெனித்'. பேச்சில் பாதிப்பேர் 'வெனீர்' என்றுதான் சொல்கிறார்கள். எங்களோடு பாத்திரம் துலக்கும் அர்ஜென்டினாக்காரர், ஒரே ஆளைக் கூப்பிடவே 'வெனீ' என்பார். அவர்கள் ஊர் வழக்கு அது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. சேலத்தில் பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைக்கூட 'வாங்க தம்பி' என்போம். இங்கே என் பாட்டி வயதுச் சமையல்காரம்மாவை வெறும் 'வென்' என்று கூப்பிட வேண்டும். 'வெங்கா' என்று மரியாதை வடிவமும் உண்டு. அதைச் சொன்னால், 'நான் என்ன கிழவியா?' என்று அந்தம்மா கரண்டியை ஓங்குகிறது! மரியாதை எல்லாம் குரலில்தான். இல்லையென்றால் கேள்வியாகக் கேட்டுவிடுவார்கள், 'தண்ணீர் தருகிறாயா?' என்கிற மாதிரி.

அப்புறம் 'மீரா' என்று காதில் விழுந்தால் எந்தப் பெண்ணையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. நம்ம 'இங்க பாரு'தான் அது.

காபிக் கடையில் 'போன்மே உன் கஃபே' (எனக்கு ஒரு காபி வை) என்றால் போதும், கோப்பை வந்துவிடும். சில கடைகளில் சர்க்கரை சேர்த்துக் கருக வறுத்த கொட்டையையும் கலக்கிறார்கள், தொர்ரெஃபாக்தோ என்று பெயர். ஏற்காட்டுக் காபி பழகிய நாக்குக்கு அது ஆகவே ஆகாது. வரும்போது பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு காபிப் பொடி இரண்டு கிலோ வை. தட்டுவடையும் வேண்டும், உடையாமல் டப்பாவில் அடுக்கி எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்