சுங்கை சிப்புட்டிலிருந்து பெரியப்பாவுக்கு: பாதி இழைப்புளிகளைப் பற்றி

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்பும் மதிப்பும் மிக்க பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளிகளை, அதுவும் பாதிப் பாகங்கள் இல்லாதவற்றை, நான் பழைய இரும்புக் கடைகளில் காசு கொடுத்து வாங்குவதாக அம்மா தங்களிடம் சொன்னாராம். "சம்பாதிக்கப் போனவன் குப்பை வாங்குகிறானா?" என்று தாங்கள் கேட்டதாகவும் அறிந்தேன். கேட்கத் தக்க கேள்விதான். அதற்கு விடை சொல்லவும், கூடவே ஓர் உதவி கேட்கவும் இதை எழுதுகிறேன்.

இவ்வூர் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களாக, அதாவது ரப்பர் தோட்டங்களாக, இருந்தவற்றில் பெரும்பகுதி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த நம்மவர்கள் பலர் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பட்டறையில் அன்றாடம் புழங்குவது ரப்பர் மரப் பலகைதான். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அறுத்து, நீலப் பூஞ்சையும் வண்டும் பிடிப்பதற்குள் போரான் மருந்து ஏற்றி உலர்த்தி விற்கிறார்கள். அதை இயந்திரமே இழைத்துவிடும். ஆனால் வீடுகளுக்கான சாமி மேடை, கோயில் கதவு, பழைய சன்னல் சட்டம் போன்ற வேலைகள் வரும்போது மெர்பாவ் மரத்தையும் மெரந்தியையும் கையால் இழைத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. இந்த மரங்களில் நார் ஒரு வரியில் ஒரு திசையிலும் அடுத்த வரியில் எதிர்த்திசையிலும் ஓடுவதால், எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் எங்கேனும் ஓரிடத்தில் பெயர்ந்துவிடுகிறது. தாங்கள் கொடுத்தனுப்பிய மரக்கட்டை இழைப்புளி மெரந்தியின் முதல் இழைப்புக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் அலகை மயிரிழை அளவு ஏற்றி இறக்கவும், சீவலை முறிக்கும் மேல்தகட்டை அலகின் கூர்முனைக்கு அரை மில்லிமீட்டருக்கும் உள்ளாக நெருக்கி வைக்கவும் இரும்பு இழைப்புளி இல்லாமல் முடியவில்லை.

புதிதாக வாங்கலாமே என்பீர்கள். நல்லவை என் கூலிக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. எட்டுகிற விலையில் இருப்பவற்றிலோ அடிப்பாகம் தட்டையாக இருப்பதில்லை. பழையவற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. தோட்டங்கள் வெள்ளைக்காரர் கையில் இருந்த காலத்தில், லயங்களையும் ஆலைகளையும் பழுதுபார்க்கும் தச்சர்களுக்காக இங்கிலாந்திலிருந்து கருவிகள் வந்தன என்று இங்குள்ள முதியவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்டான்லி, ரெக்கார்ட் என்ற இரண்டு பெயர்களையே தாங்கியிருக்கின்றன. இரண்டுமே லியோனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் அமைப்பைத் தழுவியவை. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி 1869-இல் வாங்கியது. ஷெஃபீல்டின் ரெக்கார்ட் 1931-இல் அதே அமைப்பில் செய்யத் தொடங்கியது. இந்தப் பொது வம்சாவளிதான் என் போன்றவனுக்குப் பிழைப்பு: ஒன்றில் இல்லாத பாகத்தை இன்னொன்றிலிருந்து எடுக்கலாம்.

எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலகு 45 பாகையில் சாய்ந்து உட்கார உள்ளே ஒரு வார்ப்பிரும்புத் தாங்கி இருக்கிறது. அது அமரும் மேடையின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆகையால் தாங்கி இல்லாத உடலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் தொடுவதில்லை. அதுபோலவே, அடிப்பாகத்தில் அலகு வெளியே நீளும் இடைவெளியான வாயின் ஓரத்தில் விரிசல் கண்ட உடலையும் தொடுவதில்லை. விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டால், மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினால் போதும். வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் மேலே ஊறி ஒரு கோட்டைக் காட்டிவிடும். இதைச் செய்யும்போது கடையின் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, என்னைக் கோயில் பூசாரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஆனால் ஒருநாளும் தடுத்ததில்லை.

மாறாக, அலகு, மேல்தகடு, கைப்பிடி, முன்குமிழ் ஆகியவை இல்லையென்றால் நான் கவலைப்படுவதில்லை. இழைப்புளிகளை அளவுக்கேற்ப எண்ணிட்டுச் சொல்வார்கள்; 9 அங்குல நீளமுள்ள 4-ம் எண்ணுக்கும் 14 அங்குல நீளமுள்ள 5-ம் எண்ணுக்கும் அலகு ஒரே 2 அங்குல அகலம்தான். எனவே உடல் உடைந்த 5-ம் எண் ஒன்று கிடைத்தால் அதன் வயிற்றிலிருக்கும் அலகு, மேல்தகடு, அவற்றை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அழுத்து மூடி எல்லாம் ஒரு 4-ம் எண்ணை எழுப்பி நிறுத்திவிடும். உடைந்தவை என்று மற்றவர்கள் ஒதுக்குவதை நான் முதலில் எடுப்பதற்குக் காரணம் இதுவே.

உண்மையான தலைவலி திருகாணிகளில்தான். கைப்பிடியையும் குமிழையும் உடலோடு இறுக்கும் தண்டின் மரை, அங்குலத்துக்கு 20 என்ற கணக்கில், இன்றைய கடைத்தெருவில் கிடைக்காத ஒரு பருமனில் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 6 மில்லிமீட்டர் திருகாணியை அந்த ஓட்டைக்குள் பலவந்தமாக ஏற்றிப் பழைய மரையைச் சிதைத்து வைத்தவர்களை நான் மன்னிப்பதில்லை. வார்ப்பிரும்பு ஒருமுறை பொடிந்தால் பிறகு எதுவும் பிடிக்காது. ஆழத்தைத் திருத்தும் பித்தளைச் சக்கரத்துக்கு மரை இடப்பக்கமாக வெட்டப்பட்டிருப்பதால், தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, தண்டையே முறித்துவிடுகிறார்கள். அதனால் இந்தச் சிறு உருப்படிகளை மட்டும் எங்கே கண்டாலும் வாங்கி டப்பாவில் சேர்த்து வைக்கிறேன்.

துரு பெரிய காரியமே இல்லை. இங்கே பெரும்பாலும் பிற்பகலில் மழை இறங்குவதால், துடைக்காத இரும்பு விரைவில் சிவந்துவிடும். சமையல் வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, சோடா மாவு கரைத்த நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் பூசினால் போதும். அதற்கு மேலும் ஊறவிட்டால் வினிகர் இரும்பையே அரிக்கும். அடிப்பாகத்தைத் தட்டையாக்க, தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கிறேன். அலகை உள்ளே இழுத்து வைத்து, அழுத்து மூடியை வேலை செய்யும்போது இருக்கும் அளவுக்கே இறுக்கிய பிறகுதான் தேய்க்க வேண்டும்; அந்த அழுத்தத்தில் உடல் சற்று வளையும். முனை, வாயோரம், பின்முனை ஆகிய மூன்றிடமும் ஒரே மட்டத்தில் வந்தால் நிறுத்திவிடுகிறேன். கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்ப்பவர்கள் விற்பனைக்காகச் செய்கிறார்கள்.

கைப்பிடி செய்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மெர்பாவ் துண்டில் நார் அடிப்பாகத்துக்கு இணையாக ஓடும்படி வரைந்து அறுக்கிறேன். நார் நெட்டுக்குத்தாக ஓடினால் கையின் தள்ளுதலில் கைப்பிடியின் மேல்நுனியான கொம்பு ஒடிந்துவிடும். வளைவை அரத்தால் எடுக்கும்போது, தங்கள் கருவியின் பிடி என் உள்ளங்கையில் எப்படி அமர்ந்தது என்ற நினைவே அளவுகோல்.

இனி உதவி. ஈப்போவின் ஞாயிறு சந்தையில் 22 அங்குல நீளமுள்ள 7-ம் எண் ஸ்டான்லி ஒன்று 40 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கிடைத்தது. உடல், தாங்கி, அலகு எல்லாம் சீராக இருக்கின்றன. அழுத்து மூடி மட்டும் இல்லை. 2 அங்குல மூடி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அலகின் இரு ஓரங்களும் அதிர்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு, தூண்களோடு இத்தகைய இரும்புச் சாமான்களும் கிடக்கக்கூடும். அலகின் அகலம் 2 3/8 அங்குலம், அதாவது 60 மில்லிமீட்டர் சொச்சம். மூடியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே இருக்க வேண்டும். நடுவில் சாவித்துளை வடிவத்தில் ஓட்டை இருக்கும். மேல்பக்கத்தில் சிறு நெம்புகோல் ஒன்று மடங்கி நிமிரும். 6-ம் எண்ணின் மூடியானாலும் பொருந்தும். கீழ் விளிம்பின் மூலைகள் உடைந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

கிடைத்தால், அடுத்த மாதம் வருகிற அத்தை மகனிடம் கொடுத்தனுப்புங்கள். திருச்சி விமான நிலையத்தில் கைப்பையில் வைத்திருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். விலையை அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கென்று அவர் கேட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்