பொதுச் சுகாதாரம் உங்கள் துறையின் பாடமும்தான்: குமரிப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் சமூகவியலும் பொருளியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

பிஏ முடிக்கப்போகும் பிள்ளைகளிடம் "பொதுச் சுகாதாரம் படிக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "அது டாக்டர்மாருக்கு உள்ளதுல்லா?" என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு வழி இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

குளச்சல், முட்டம் பக்கமிருந்து விடிகாலையிலேயே மீன் பாத்திரத்தோடு பஸ் ஏறும் அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் மதியம் வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "குடிச்சா போறதுக்கு எடம் வேணும்லா மக்களே" என்றார். அடிக்கடி மூத்திரக்கடுப்பு வருகிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அது சரியான அறிவுரைதான், அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் விற்கும் சந்தையில் பெண்கள் நுழையக்கூடிய கழிப்பறை இல்லை. வட்டிக்காரருக்குத் தவணை கட்ட வேண்டும், ஒரு நாள்கூட வீட்டில் இருக்க முடியாது. இந்த நோயின் காரணம் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. அவரோடு உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டு, கடன் கணக்கையும் சந்தையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படிக் கேட்கவும் பார்க்கவும் கற்றுக்கொடுப்பது உங்கள் வகுப்புகள்தானே?

எதற்கெடுத்தாலும் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று முடித்துவிடுகிறோம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. துண்டுப் பிரசுரத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் அல்ல நம் ஆட்கள். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் உடல்கூடக் கிடைக்காமல் கணவனையும் மகனையும் இழந்த பெண்களின் தூக்கமின்மைக்கு எந்தப் பிரசுரம் மருந்தாகும்?

நான் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. 1848இல் அன்றைய பிரஷ்யாவின் (இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள) மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது ஆராயப் போன ருடால்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர், மருந்தோடு நிற்கவில்லை. கல்வியும் சாலையும் நல்ல கூலியும் மக்களாட்சியும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் நம் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒன்றாகப் புழங்க முத்திரிக் கிணற்றை அமைத்தார். யாருக்குத் தண்ணீர் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது இன்றைக்கும் பொதுச் சுகாதாரத்தின் முதல் கேள்வி. இந்தியாவின் சுகாதார அமைப்பைத் திட்டமிட ஜோசப் போர் (Bhore) தலைமையில் அமைந்த குழு 1946இல் தந்த அறிக்கையும் 'சமூக மருத்துவர்' வேண்டும் என்றே சொன்னது.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். தனி முதுகலைப் படிப்பை உடனே தொடங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, பொதுச் சுகாதாரத்தை ஒரு விருப்பப் பாடமாகவாவது வையுங்கள். நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் அதில் கட்டாயம் இருக்கட்டும். நம் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஒதுங்கினால் மருத்துவர்களோடு சமமாக உட்கார்ந்து பேச முடியாது. அதே அளவுக்குக் களப்பணியும் இருக்கட்டும். கடற்கரையில் ஒரு மாதம், ரப்பர் தோட்டத்தில் ஒரு மாதம், பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க முதியோர் மட்டும் தனித்து வாழும் வீடுகளில் ஒரு மாதம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடு பேசி, ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் இரு பக்கமிருந்தும் ஒரு வழிகாட்டி கிடைக்க ஏற்பாடு செய்யலாம். அப்புறம், ரயிலேறினால் எட்டிவிடும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்திவருகிறது. மாணவர்களை ஒரு முறை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கூட்டத்துக்கு மருத்துவர் ஒருவரையும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரையும் மீன் விற்கும் அக்கா ஒருவரையும் அழையுங்கள்.

அன்புடன்,
சமூகவியல் படித்துவிட்டுச் சுகாதாரத் துறைக்கு வந்த நாகர்கோவில்காரி