அம்மா தனியாக நடக்கக்கூடிய ஊர்

வெள்ளவத்தை, கொழும்பு 6
கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்

அன்பு மகளுக்கு,

நேற்று வட்ஸ்அப்பில் "கடைசியில் எந்த ஊருக்குக் குடிபோகிறீர்கள் அப்பா?" என்று நீ கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார், நீ ஸ்பீக்கரில் இருந்தாய். எனக்குச் சொல்லக் கிடக்கிறதில் பாதி அம்மாவுக்கு முன்னால் சொல்லக்கூடியது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வாசித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

இந்தத் தொடர்மாடிக்கு நாங்கள் வந்தபோது விறாந்தையில் நின்றால் கடலும் கடலோரமாகப் போகிற ரயிலும் தெரியும். ரயிலைக் காட்டித்தான் உனக்குச் சோறு தீத்தினோம். இப்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சாண் நீலம் மிச்சம். அதற்கும் முன்னால் ஒன்று எழும்புகிறது. கடலைப் பார்க்கத்தான் முடியவில்லையே தவிர, உப்பு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது: ஜன்னல் கம்பி, காஸ் அடுப்பு, அம்மாவின் தையல் மெஷின், எல்லாவற்றிலும் கறள். இதெல்லாம் பழகிப்போனதுதான். ஆவணியில் லிப்ட் நான்கு நாள் நின்றதே, அதுதான் பழகவில்லை. அம்மாவின் முழங்காலோடு நாலாம் மாடியிலிருந்து இறங்கி ஏற முடியாது. நான்கு நாளும் சந்தை இல்லை, கோயில் இல்லை. நாலாம் நாள் பின்னேரம் ஜன்னலோரம் இருந்து கீழே ஓட்டோக்களை எண்ணிக்கொண்டிருந்தார். சும்மா விளையாட்டுக்கு என்று சொன்னார். ஒரு வருஷமாக ஆறுதலாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் அவசரப்பட்டேன்.

நீ முதலில் சொன்னது நீர்கொழும்பு. போய்ப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மீன் நல்ல மீன், ஒல்லாந்தர் வாய்க்கால் வழியே காலையில் நடக்கலாம், கட்டுநாயக்கா பக்கத்தில். ஆனால் பிள்ளை, விமான நிலையம் பக்கத்தில் இருப்பது வருகிறவர்களுக்கு வசதி. நீங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மூன்று கிழமைக்கு வருகிறீர்கள். மற்ற நாளெல்லாம் இருக்கப்போகிறது நாங்கள். அம்மாவின் சிங்களம் மரக்கறி பேரம் பேசப் போதும். நடுச்சாமத்தில் நெஞ்சு எப்படி நோகிறது என்று டொக்டருக்கு விளங்கப்படுத்தப் போதாது. மருமகன் படம் அனுப்பிய காலி நகரத்துக் கோட்டை அழகுதான். அது பார்த்துவிட்டு வருகிற இடம்.

பருத்தித்துறையைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அப்பா கடைசியில் தன் ஊருக்குத்தான் போவார் என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது நான் முதலில் போட்ட கணக்கே அதுதான். இந்த வருஷம் வைகாசியில் போய்ப் பத்து நாள் நின்றோம். வெளிச்சவீடு அங்கேயே நிற்கிறது, வடை அதே வடை, வல்லிபுரக் கோயில் மணல் அதே சூடு. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் ஐந்தில் விளக்கு எரிகிறது. மற்றதெல்லாம் பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் திறப்பு ரொறொன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகு நாயும் கடலும்தான் சத்தம்.

வளவு பாட்டனார் பெயரில் கிடக்கிறது. நாலு பரப்பு, ஏழு பங்கு, பிரிக்கப்படாத காணி உறுதி. என் பங்கை ஒதுக்கி எடுப்பதென்றால் மற்ற ஆறு பேரையும் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் உயிரோடு இல்லை, அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒருவருடைய பங்கை வாங்கலாம் என்றாலும் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். முப்பது வருஷம் மற்றவர்களின் காணிச் சண்டைக்குச் சங்கிலி பிடித்து அளந்தவன் நான். என்னுடையதை அளக்க இனி எனக்குப் பலம் இல்லை.

அதைவிட என்னை உலுக்கியது கிணறு. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை என்று உனக்குத் தெரியும். அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். துலாவால் அள்ளிய காலத்தில் அந்த வில்லை குலையவில்லை. மோட்டர் போட்டு இறைக்க இறைக்க மேலே இருக்கிற நன்னீர் குறையும், கீழே இருக்கிற உப்பு ஏறும். என் அம்மா தேத்தண்ணிக்கு அள்ளிய அதே கிணற்றில் அள்ளி வாயில் விட்டேன். சவர். துப்பவில்லை, விழுங்கிவிட்டேன். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தான் ஊருக்குப் போக வேண்டுமா?

சரி, அடுத்தது நீ லிங்க் அனுப்பிய நிலாவெளிக் காணி. படத்தில் தென்னை, வெள்ளை மணல், கடலுக்கு நாற்பது மீற்றர். "என் பெயரில் வாங்கலாம் அப்பா" என்று எழுதியிருந்தாய். இரண்டு விஷயம். முதலாவது, நீ இப்போது கனடாப் பிரஜை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பிரஜை இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால்தான் முடியும். அதை எடுத்து வைப்பது எதற்கும் நல்லது, ஆனால் இந்தக் காணிக்காக எடுக்காதே. இரண்டாவது, உயர் நீர்மட்டக் கோடு என்று நாங்கள் சொல்கிற, கடல் பெருகும்போது தண்ணீர் எட்டுகிற கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குள் கட்டுவதென்றால் தனியாக அனுமதி வேண்டும். விளம்பரம் போட்டவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சட்டத்தை விடு. 2005இல் கிழக்குக் கரைக்கு என்னை அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? நீ அப்போது ஓஎல் எழுத இருந்தாய். சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கூடாது என்று ஒரு கோடு சொன்னார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள், அது வேறு கதை. நாங்கள் முளை அடித்துக்கொண்டே போனோம். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. எட்டிப் பார்த்தால் வாய்வரை மணல். எந்தக் கிணறு எந்த வீட்டுடையது என்று காட்ட ஒரு பெரியவர் எங்களோடு வந்தார். மூன்றாவது கிணற்றடியில் குந்தினவர் பிறகு எழும்பவில்லை. நாங்கள் மிச்சத்தை அவர் இல்லாமல் அளந்தோம். அன்றிலிருந்து கடலுக்கு முகம் பார்த்த வீடு என்றால் எனக்கு அழகு தெரிவதில்லை, உயரம்தான் தெரிகிறது. கடல் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும். வாசலில் வேண்டாம்.

மட்டக்களப்பு என் கணக்கில் இரண்டாவது. போதனா வைத்தியசாலை இருக்கிறது, வாவி இருக்கிறது, சனம் நல்ல சனம், தயிரைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் தாழ்ந்த தட்டை நிலம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. 1978 சூறாவளியை நேரில் பட்ட என் பழைய சக ஊழியர் ஒருவர் இன்னும் கார்த்திகை மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறார். எனக்கும் அந்த வருத்தம் தொற்றிவிடும்.

ஆக, திருகோணமலை. நிலாவெளி இல்லை, உப்புவெளி இல்லை, பட்டினத்துக்குள்ளேயே.

வேண்டுமென்றே மார்கழியில் போனோம். எல்லாரும் ஆடி ஆவணியில் போய்க் கண்ணாடி மாதிரிக் கடலைப் பார்த்து மயங்கிக் காணி வாங்குகிறார்கள். வாடைக் காற்றும் மழையும் அடிக்கிற நேரம் ஒரு ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இருக்கலாமா இல்லையா என்று தெரியும். இரவு ரயிலில் போய், உவர்மலையில் ஒரு வீட்டின் பின்பகுதியை இரண்டு கிழமைக்கு எடுத்தோம். பட்டினம் இரண்டு கடலுக்கு நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் திறந்த கடல் குமுறுகிறது, மறுபக்கம் உள்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கிறது. உவர்மலை கொஞ்சம் மேடு. பழைய பழக்கத்தில் மனதுக்குள் மட்டம் பார்த்தேன். திருப்தி.

மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. உடுப்புக் காயவில்லை, இரண்டு இரவு கரண்ட் இல்லை, கீழே சில ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர். அம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். நிறைய முணுமுணுத்தார். கோணேசர் கோயிலுக்குப் போன அன்று கோட்டைக்குள் நின்ற மான் ஒன்று அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. "சிவன் சொத்து" என்று அதைப் பேசினார், பிறகு மற்றப் பழத்தையும் தானே நீட்டினார்.

ஒன்பதாம் நாள் நான் மத்தியானம் நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, குடையும் இல்லை. நெஞ்சு திக்கென்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்கு வர, கையில் கத்தரிக்காய்ப் பையோடு வருகிறார். தனியாகப் போய், சந்தையில் வாங்கி, பத்திரகாளி அம்மன் கோயிலில் கும்பிட்டு, வழியில் மூன்று பெண்களோடு கதைத்துவிட்டு வந்திருக்கிறார். யாருடைய மகள் எந்த நாட்டில், யாருக்கு எந்தக் குளிசை, எல்லாம் தெரியும். கொழும்பில் எதிர்க் கதவில் இருக்கிறவரின் பெயர் எங்களுக்குப் பத்து வருஷமாகத் தெரியாது. ஏற்றத்தில் வரும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாராம். நின்ற இடத்திலும் யாரோ கதிரை போட்டார்களாம்.

பிறகு இந்த ஆடியில் இன்னொரு தரம் போனோம். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, அதையும் ஒளிக்கப்போவதில்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது முழங்காலுக்கு நல்லது என்றார்கள். அந்த வெயிலில் எந்த மனுஷன் வெந்நீரில் குளிப்பான்?

இனி அம்மாவுக்குச் சொல்ல முடியாதது. எனக்கு 71, அம்மாவுக்கு 64. எனக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். எனக்கென்று பார்த்தால் கொழும்பை விட்டு அசையக் கூடாது. என் இருதய டொக்டர் இங்கே. திருகோணமலையில் இருப்பது மாவட்டப் பொது வைத்தியசாலை. ஏதும் பெரிதாக வந்தால் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் றோட்டு. அது தெரிந்துதான் முடிவெடுத்தேன். இரண்டு பேரும் இருக்கிற வரை எந்த ஊரும் சரிவரும். ஒருவர் மிஞ்சுகிற போது அந்த ஒருவருக்கு எந்த ஊர் என்பதுதான் கேள்வி, அந்த ஒருவர் அனேகமாக அம்மா. கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியாது, ஆனால் ஒரு தெருவில் விட்டால் ஒரு கிழமையில் அந்தத் தெருவையே தெரிந்துகொள்வார். அந்தத் தெருவை நான் இருக்கும்போதே அவருக்குப் பழக்கிவிட வேண்டும்.

அதனால்தான் வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறேன். முதலில் ஒரு வருஷம். நான் போன பிறகு அவருக்கு அங்கே இருக்கப் பிடிக்காவிட்டால் ஒரு வீட்டை விற்கிற தலையிடி இருக்கக் கூடாது. இந்தத் தொடர்மாடி வீட்டை வாடகைக்குக் கொடுத்து, அந்தக் காசை அம்மாவின் கணக்கில் போட ஒழுங்கு செய்திருக்கிறேன். உறுதியும் அவர் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. நொத்தாரிசிடம் ஒரு பிரதி இருக்கிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். "அம்மாவை நான் கனடாவுக்கு எடுக்கிறேன்" என்று அவசரப்பட்டு அவரிடம் சொல்லாதே. உன் அன்பு எனக்குத் தெரியும். அந்த மாரிக்கு வந்து ஐந்து மாதம் உன் வீட்டில் நின்றாரே, அப்போதும் ஜன்னலோரம்தான் இருந்தார். பனி தள்ளுகிற வண்டியை எண்ணினாராம். ஆவணியில் ஓட்டோவை எண்ணியபோதுதான் அது எனக்கு நினைவு வந்தது.

தைப்பொங்கல் கழிய வீட்டுக்காரர் திறப்புத் தருகிறார். இரண்டு அறை, விறாந்தை, முற்றத்தில் ஒரு வேம்பு, கிணறு. தண்ணீரை ருசி பார்த்துவிட்டேன், நல்ல தண்ணீர். நீங்கள் ஆடியில் வரும்போது பிள்ளைகளுக்குப் பருத்தித் துணி உடுப்பாகக் கொண்டுவா. கடலில் குளிக்க ஓட்டோவில் உப்புவெளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சாமான் கட்டத் தொடங்கிவிட்டோம். உன் அலுமாரியின் மேல் தட்டில் நெற்போல் கப் இரண்டும் பழைய கொப்பிகளும் இருக்கின்றன. கொப்பிகளை எறிய அம்மா விடுகிறார் இல்லை. லொறியில் இடம் கொஞ்சம்தான். எதை வைப்பது எதை எறிவது என்று அம்மாவுக்கு நீயே ஒரு வார்த்தை சொல்லு.

அன்புடன்,
அப்பா