ஆயாவின் ஊரைத் தேடித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஓர் உதவி கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். நெய்வேலியின் முதல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று எங்கள் ஆயாவுடையது, அது சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று. ரெண்டு பேர் பதில் சொன்னாலே பெரிது என்று நினைத்தேன், ஆனால் நீங்கள் என் போனை ஒரு வாரம் கீழே வைக்க விடவில்லை. ஊர்ப் பெயரை இங்கே திரும்ப எழுதவில்லை. எழுதினால் பழைய நிலக் கணக்கு பேச நாலு பங்காளிகள் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று அப்பா பயப்படுகிறார்.

நான் சுரங்க ஊழியர்களுக்கான டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். எங்களுக்கு ஊர் என்றால் வட்டம்தான், பிளாக்கைத்தான் அப்படிச் சொல்வோம், பெயரைக் கேட்டால் கூடவே நம்பரையும் சொல்வோம். நேராகப் போகும் ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஜூலையில் புத்தகக் கண்காட்சி, பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு கோயிலுக்குப் போகும் காவடிக் கூட்டம், நைட் ஷிப்ட் முடித்த அப்பா தூங்குகிறார் என்று வீட்டில் மிக்ஸி போடாத காலைகள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த சரித்திரமும் அப்படி நேர்கோடுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, 1956இல் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம், 1957 மே 20 அன்று நேரு வந்து தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த வருஷம் மின்சாரம். மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கினேன். நேரு வந்ததைப் பற்றி ஆயாவிடம் கேட்டால், "இன்னா வெயிலு, பெரியவன இடுப்புல வச்சிக்கிட்டு நின்னேன்" என்பதோடு முடிந்துவிடும்.

போன தீபாவளிக்குத்தான் திடீரென்று கேட்டது. "எங்க வூடு இருந்த எடத்த ஒருக்கா காட்டுவியாடா?"

சரி, நன்றிக்கு வருகிறேன். முதலில் சர்வே ஐயா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் கையில் இன்னும் ஸ்கேல் நடுங்காத மனிதர். அதற்கு முன்னால் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்து, நான்கு முறையும் "அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்பியிருந்தேன், அது எது என்று சொல்லப் போவதில்லை. ஐயா, நீங்களோ பழைய கிராமப் படத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கி, இடம் மாறாமல் நிற்கும் ஒரு கோயிலையும் ஓர் ஏரிக்கரையையும் பிடித்துக்கொண்டு, டிரேசிங் தாளில் வரைந்து இன்றைய வரைபடத்தின் மேல் வைத்தீர்கள். குளம், சுடுகாடு, வண்டிப் பாதை எல்லாம் அதில் இருந்தது. ஆயாவின் விரலைப் பிடித்து "இதும்மா உங்க தெரு" என்று வைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, ஆயாவோ "இம்மாத்தூண்டா?" என்றது.

அப்புறம் மந்தாரக்குப்பத்து அண்ணன்கள் இரண்டு பேர், காரும் கொடுத்து ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். வழியில் ஆயாவுக்கு இரண்டு முறை இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள், பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். நெய்வேலி நடராஜர் கோயிலில் சாமிக்கு மனு எழுதிப் பெட்டியில் போட்டு மணி அடிப்பார்கள் இல்லையா, எழுதத் தெரியாத ஆயாவுக்காக அதை எழுதிக் கொடுத்த டீச்சரம்மாவுக்கும் நன்றி. என்ன எழுதினீர்கள் என்று இன்றுவரை ஆயா எங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கடிதமே ஸ்பிரெடர் மாமாவுக்காகத்தான். அந்த மண் கொட்டும் ராட்சத மெஷினில் 31 வருஷம் இருந்தவர். நாங்கள் எதிர்பார்த்துப் போனது பெரிய பள்ளத்தை. போய்ச் சேர்ந்த இடத்தில் பள்ளமே இல்லை, சமதரையில் தோப்பு மாதிரி மரங்கள். நாங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு டன் கரி வேண்டுமென்றால் அதன் மேல் கிடக்கும் மண்ணை ஐந்து கன மீட்டருக்கு மேல் அள்ள வேண்டும். அது வெறும் மண் இல்லை, கடலூர் மணற்கல், ஜெர்மனியிலிருந்து வந்த, சக்கரத்தில் வாளிகள் வைத்து மண் வெட்டும் பக்கெட் வீல் மெஷின்களின் பல்லையே ஆரம்பத்தில் தேய்த்துவிட்ட கல், அதனால்தான் வெடி வைத்து இளக்கிவிட்டு வெட்டினார்கள். கரிக்குக் கீழே தண்ணீர் வேறு அழுத்திக்கொண்டே இருக்கும், இரவு பகலாக மோட்டார் இறைக்காவிட்டால் தரையையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். கரி எடுத்து முடித்த பள்ளத்தில், அடுத்தாற்போல வெட்டும் இடத்து மண்ணைக் கன்வேயரில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆனால் முதல் முதலாக வெட்டும்போது கொட்டுவதற்குப் பள்ளம் ஏது? அந்த மண் வெளியே மேடாகத்தான் போக வேண்டும்.

"அதனால ஆயா, இப்ப நீங்க நிக்கிறது வேற யாரோ ஊரு மண்ணு. உங்க ஊரு மண்ணு அதோ, அந்த மேட்டுல இருக்கு."

சின்ன வயதில் நான் தினமும் சைக்கிளில் போகும்போது பார்த்த மேடு அது. மலை என்றே நினைத்திருந்தேன்.

ஆயா அழும் என்று பயந்துகொண்டு அப்பா மாத்திரை டப்பாவோடு நின்றார். ஆயா அழவில்லை. ரொம்ப நேரம் மேட்டையே பார்த்துவிட்டு, "முந்திரி வச்சிருக்கலாம், நம்ம மண்ணுக்கு நல்லா வரும்" என்றது. பிறகு மாமாவிடம், அவர் கொட்டிய மண்ணில் கிணற்று உறை ஏதாவது வந்ததா என்று விசாரித்தது. அவர் சிரிக்காமல், தன் காலத்துக்கு முன்பே அந்த இடம் வெட்டி முடிந்துவிட்டது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். மாமா, அந்தப் பொறுமைக்குத்தான் தனியாக ஒரு கும்பிடு.

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தச் சுரங்கம்தான். தாத்தா கூலியாகச் சேர்ந்தார், அப்பா நிரந்தரமானார், நான் அதில் படித்தேன். அந்தக் கரியிலிருந்து செய்த லெக்கோ கட்டியைப் போட்டு எரித்த அடுப்பில் சமைத்த சாப்பாடுதான் எங்களுக்கு. அதெல்லாம் உண்மை. ஆயாவின் கிணறும் உண்மை, அதை நாங்கள் யாரும் அறுபது வருஷமாகக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், யார் பெயரையுமே எழுதவில்லை. சர்வே ஐயா, உங்கள் டிரேசிங் சுருள் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஆயா தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது, கேட்டால் தர மாட்டேன் என்கிறது. நகல் எடுக்கவாவது விடு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றோடு வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பண்ருட்டிப் பலா ஒன்றும் கூட வரும்.