அடுத்தவர் தொடங்கிய கதையை எடுத்து எழுதப்போகும் மகளுக்கு

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வேறொரு கம்பெனி பல வருஷத்துக்கு முன் செய்த ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகி ஆடும் கதை வீடியோ கேம்) ஒன்றின் அடுத்த பாகம் உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறது, குவெஸ்ட், அதாவது ஆடுகிறவன் முடிக்க வேண்டிய கதைப் பணிகளை, எழுதும் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எந்த கேம் என்று வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் கேட்கவும் மாட்டேன். பழைய ரசிகர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டாயே, அதற்கு மட்டும் பதில். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய ஆட்களும் பழைய ஊர்ப்பெயர்களும் திரும்ப வந்தால் ரசிகனுக்குப் போதும் என்று உங்கள் மீட்டிங்கில் யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. முதல் பாகத்தில் அவன் செய்ததை அந்த உலகம் கவனித்தது, பதில் சொன்னது. அந்தப் பதில் எந்த ஏற்பாட்டால் வந்தது என்று கண்டுபிடித்து, அதை உங்கள் கையால் புதிதாகக் கட்டுங்கள். மற்றதையெல்லாம் மாற்றினாலும் ரசிகன் பொறுத்துக்கொள்வான்.

பால்டர்ஸ் கேட் என்ற ஆர்பிஜியையே பார். அதைச் செய்த பயோவேர் கம்பெனியின் இரண்டாம் பாகம் வந்தது 2000இல். மூன்றாவது லாரியன் என்ற வேறு கம்பெனியிடமிருந்து வந்தது 2023 ஆகஸ்டில். நடுவில் விதிப்புத்தகம் மாறிவிட்டது, ஓடும் சண்டையை நிறுத்தி நிறுத்தி ஆடுவது போய் முறைவைத்து ஆடுவது வந்தது, கேமரா கீழே இறங்கியது. ஆனாலும் அது பால்டர்ஸ் கேட்தான் என்று பழைய ஆட்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். கூட வரும் ஆட்கள் உன்னோடும் தங்களுக்குள்ளும் மல்லுக்கு நிற்பதும், ஒரு சிக்கலுக்கு நாலைந்து வழி இருப்பதும் அப்படியே இருந்தன. அதே கேமில் வலித்த இடமும் உண்டு. வைகோனியா என்ற தோழியைப் பழைய பாகத்தில் காதலித்துத் திருத்தியவர்கள் எத்தனையோ பேர். மூன்றாவதில் அவள் ஷார் என்ற இருள் தேவதையை வணங்கும் கூட்டத்தின் தலைவியாக, கொடுமைக்காரியாக நின்றாள். தாங்கள் செய்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று அவர்கள் வருந்தினார்கள். பழைய தோழர்களான ஜஹீராவும் மின்ஸ்கும் வந்தபோது அந்தக் குறை எழவில்லை, ஏனென்றால் யாருடைய தீர்ப்பையும் அவர்கள் வருகை பொய்யாக்கவில்லை. பழைய ஆளைக் கொண்டுவருவதானால், முதல் பாகத்தை வேறு வேறு விதமாக முடித்த மூன்று பேரை நினைத்துக்கொள். மூவரில் ஒருவருக்காவது அவர் வருகை பொய்யாகத் தோன்றினால் அந்த ஆளை விட்டுவிடு.

கல்லணையில் வெள்ளைக்கார இன்ஜினியர்கள் கை வைத்தபோது பழைய அடித்தளத்தைப் பிடுங்கிப் போடவில்லை. மணலில் புதைந்த கல் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, 1830களில் மணற்போக்கிகளைச் சேர்த்தார்கள். உங்கள் வேலையும் அதுதான். முதல் மாதம் ஒரு வரியும் எழுத வேண்டாம். பழைய கேமை முழுதாக ஒரு தரம் பேச்சாலும், ஒரு தரம் திருட்டாலும், ஒரு தரம் அடிதடியாலும் முடி. எந்த இடத்தில் எந்த வழி அடைபட்டது என்று ஒரு நோட்டில் குறி. ரசிகர் சண்டைகளைப் பத்து வருஷம் படித்தாலும் கிடைக்காத விவரம் அந்த நோட்டில் இருக்கும்.

அடைபட்ட வழி என்றதும் ட்ராய்கா கம்பெனி செய்த ப்ளட்லைன்ஸ் என்ற ரத்தக்காட்டேரி கேம்தான் எனக்கு நினைவுக்கு வரும். 2004 நவம்பரில் வந்தது. ரத்தக்காட்டேரிகளில் ஏழு குலம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பித்துப்பிடித்த மால்கேவியனாக ஆடினால் உன் பக்கத்து வசனம் முழுவதுமே வேறு. கோர முகமுள்ள நாஸ்ஃபெராட்டுவாக ஆடினால் தெருவில் முகம் காட்ட முடியாது, சாக்கடை வழியாகத்தான் ஊரைச் சுற்ற வேண்டும். இவ்வளவு அருமையாகத் தொடங்கியது கடைசி மூன்றில் ஒரு பங்கில் சாக்கடைச் சண்டை, ஹோட்டல் சண்டை என்று குறுகிவிட்டது. திறமைப் புள்ளிகளைப் பேச்சில் கொட்டியவன் அங்கே வந்து திக்குமுக்காடுவான். 2011இல் வந்த டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷனிலும் இதே கோளாறு. அதுவும் முதலில் செய்தவர்கள் கையை விட்டுப் புது ஸ்டூடியோவிடம் போனதுதான். ஒளிந்து போகலாம், ஹேக் செய்யலாம் என்று கேம் முழுக்கச் சொல்லிவிட்டு, பாஸ் சண்டையில், அதாவது பெரிய எதிரியோடான சண்டையில் மட்டும் துப்பாக்கியைத் தவிர வழியில்லாமல் வைத்தார்கள். பாஸ் சண்டைகளை வெளி நிறுவனம் ஒன்று செய்தது. 2013இல் டைரக்டர்ஸ் கட் என்று அந்தச் சண்டைகளைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று.

இதற்கு மருந்து எளிது, ஆனால் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். சண்டைத் திறமை பூஜ்ஜியமாக ஒரு சேவ் (ஆட்டத்தைச் சேமித்த ஃபைல்), பேச்சுத் திறமை பூஜ்ஜியமாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கதையில் ஒரு குவெஸ்ட் முடிந்ததும் இரண்டையும் அதில் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று நின்றுவிட்டால் அந்தக் குவெஸ்ட் முடியவில்லை என்று கணக்கில் எழுதுங்கள். பாஸ் சண்டையை யாரிடம் கொடுத்தாலும் இந்த இரண்டு சேவையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது பேச்சுச் சோதனை, அதாவது ஆளின் பேச்சுத் திறமையால் எதிராளி மசிகிறாரா என்று கேம் பார்ப்பது. இதில்தான் நீ அதிகம் உட்காரப்போகிறாய், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபால்அவுட் 3இல் ஜெயிக்கும் வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டுவார்கள். 40 என்றால் தோற்றவன் சேவைத் திறந்து மறுபடி முயல்வான், ஜெயிக்கும் வரை. இரண்டு வருஷம் கழித்து அப்சிடியன் என்ற கம்பெனி அதே வரிசையில் செய்த நியூ வேகாஸில் அதை மாற்றினார்கள். பேச்சுத் திறமை 50 வேண்டும் என்றால் 50 இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தால் உன் வாயில் வரும் வசனமே அசட்டுத்தனமாக மாறியிருக்கும், எண்ணும் பக்கத்தில் தெரியும். ஒரு பத்திரிகையைப் படித்தால் கொஞ்ச நேரத்துக்கு 10 கூடும். ஆகவே பேசப் போவதற்கு முன் தயாராவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு, சுமார் 18 மாதத்தில், இப்படி ஒரே ஒரு விதியை மாற்றி எவ்வளவு வித்தியாசம் காட்டினார்கள் பார்.

லாரியன் பால்டர்ஸ் கேட் 3இல் 20 முகப் பகடைக்கே போனார்கள். பகடை வைத்தால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுது. இலக்கு 15, ஆளின் திறமைக்காகப் பகடையோடு கூட்டும் எண் 5 என்றால் 10 அல்லது மேலே விழ வேண்டும். 20 முகத்தில் 11 முகம், அதாவது 55 சதவீதம். இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை இருந்தால் 80ஐ ஒட்டும். இதுவரை சரி. ஆனால் எழுதுகிறவர்கள் பதற்றம் கூட்டுவதற்காக ஒரே உரையாடலில் இப்படி மூன்று சோதனையை அடுக்குவார்கள். சலுகை இல்லாதவன் மூன்றிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 17 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பேச்சில் வல்லவனாக ஆளை வளர்த்தவன் ஆறில் ஐந்து தரம் தோற்பான், எஃப்8ஐ அழுத்திப் பழைய சேவுக்குப் போவான், உன் தோல்வி வசனத்தை யாருமே கேட்கமாட்டார்கள். மூன்று வேண்டுமானால் முதலில் ஜெயித்தவனுக்கு அடுத்த இலக்கை 10க்கு இறக்கு. இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும் என்று வை. அதைவிட முக்கியம், தோற்றவனுக்கும் ஒரு கதவு திற. காவலன் நம்பவில்லையா? சிறைக்குக் கொண்டுபோகட்டும், சிறையில் வேறு வழியில் அதே செய்தி கிடைக்கட்டும். தோல்விக்கு எழுதும் காட்சி வெற்றிக் காட்சியில் பாதி நீளமாவது இருந்தால்தான் ஆடுகிறவன் அந்தத் தோல்வியோடு முன்னே போவான்.

முதல் பாகத்தில் ஆடுகிறவன் எடுத்த முடிவுகளை எப்படிக் கொண்டுவருவது என்பதில் உங்கள் புரோகிராமர்கள் பயப்படுவது நியாயம்தான். இரண்டு பக்கமுள்ள பத்து முடிவு என்றால் 1024 விதம். யாராலும் எழுத முடியாது. நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக் என்ற ஸ்டார் வார்ஸ் கேமின் இரண்டாம் பாகத்தில் அழகான வழி ஒன்று உண்டு. முதல் பாகம் பயோவேர், இரண்டாவது அப்சிடியன். பழைய சேவைக் கேட்காமல், தொடக்கத்தில் ஆட்டன் என்ற தோழனோடு பேசும்போதே, முதல் பாகத்தின் நாயகரான ரெவன் ஆணா பெண்ணா, நல்லவழியில் போனாரா கெட்டவழியிலா என்று உன் பதிலிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். தேர்வுக்கடுதாசி மாதிரி இல்லாமல் பேச்சோடு பேச்சாக நடக்கும். பழைய கம்பெனியின் சேவ் வடிவம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் இது நடக்கும், முதல் பாகம் ஆடாதவனுக்கும் தடையில்லை. நாலைந்து முடிவு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்று கட்டம் போடு: எங்கே கேட்கிறோம், எங்கெல்லாம் அது எட்டிப்பார்க்கிறது, எந்தக் காட்சி அதனால் மாறுகிறது. இரண்டு இடத்திலாவது தலைகாட்டாத முடிவை ஆரம்பத்திலேயே அடித்துவிடு. கேட்டுவிட்டு மறந்துபோவது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

லெவல் கணக்கையும், அதாவது ஆள் எவ்வளவு பலம் வரை வளரலாம் என்பதையும், இப்போதே பேசிவிடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 பன்னிரண்டாம் லெவலோடு நின்றது. பதின்மூன்றில் ஏழாம் நிலை மந்திரங்கள் திறக்கும், அவற்றுக்கு ஈடுகொடுத்து உலகத்தைக் கட்டுவது பெரும்பாடு. பழைய ஆளையே தொடர்ந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில். பயோவேர் இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்தின் உச்சமான 89,000 அனுபவப் புள்ளியிலிருந்தே தொடங்கினார்கள். ஆனால் சிறையில் அடைத்து உடைமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பலம் மிஞ்சும், பொருள் மிஞ்சாது. அந்த வழி இன்றைக்கும் செல்லும்.

பெயரைப் பற்றி ஒன்று. ப்ளட்லைன்ஸ் 2 என்று 2019இல் அறிவித்தார்கள், 2021இல் ஸ்டூடியோவை மாற்றினார்கள், தி சைனீஸ் ரூம் என்ற புது ஸ்டூடியோ முடித்து 2025 அக்டோபரில் வந்தது. பழைய ரசிகன் காத்திருந்தது ஒன்றுமில்லாத புது ஆளாகத் தொடங்கி, தன் கையால் புள்ளி போட்டு வளர்ப்பதற்கு. கிடைத்தது ஃபைர் என்ற பெயரோடு ஏற்கெனவே பலம்பெற்ற ஒரு மூத்த ரத்தக்காட்டேரி. இரண்டு குலத்தைக் கூடுதல் காசுக்கு வைத்திருந்ததும் வெளியீட்டுக்கு முன்பே கொதிப்பைக் கிளப்பி, அவற்றை எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவந்தது. அதைச் செய்தவர்களின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "2" என்று போட்டால் முதல் பாகத்தில் ஆளை உருவாக்கும் திரை எதையெல்லாம் கொடுத்ததோ அதையெல்லாம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதென்றால் எண்ணைத் தவிர்த்து வேறு துணைப்பெயர் வைக்கச் சொல். புது ஆள் என்ற முறையில் நீ சொல்வது எடுபடுமோ என்னவோ, சொல்லிவை.

கால அவகாசமும் கேட்டு வாங்குங்கள். ஓல்டு ரிபப்ளிக்கின் முதல் பாகம் 2003 ஜூலையில், இரண்டாவது 2004 டிசம்பரில். அந்த அவசரத்தில் ரோபோக்களின் கிரகம் ஒன்று முழுதாக வெட்டுப்பட்டது, முடிவும் அரைகுறையாக நின்றது. பிறகு ரசிகர்களே வெட்டியதைத் தோண்டி எடுத்து ஒட்டினார்கள். லாரியன் 2020 அக்டோபரிலேயே முதல் அங்கத்தை, நாலாம் லெவல் வரை, விற்பனைக்கு விட்டுக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் குறை கேட்டார்கள். வில் என்ற தோழனின் கதையையே திருப்பி எழுதினார்கள். உங்களால் அது முடியுமென்றால் அதைப்போல் நல்லது வேறில்லை.

இனி நம் ஊர்ப் பக்கத்துக்காக இரண்டு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, டெஸ்க்டாப் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் யுபிஎஸ் கிடையாது. சேவ் எழுதும்போது கரண்ட் போனால் ஃபைல் பாழ். பழைய ஃபைலின் மேலேயே எழுதாமல், தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, சரிபார்த்து, பிறகு பெயர் மாற்றச் சொல். ஆட்டோசேவுக்கு மூன்று இடமாவது சுழற்சியில் இருக்கட்டும். நீண்ட உரையாடலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று கட்டாயம். பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடம் கேட்டார்கள். இங்கே 256 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவன் என்ன செய்வான்? உயர்தரப் படங்களையும் மற்ற மொழிக் குரல்களையும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளும்படி பிரித்தால் பாதிச் சுமை குறையும்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. நீங்களே தமிழில் கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை, ரசிகர்கள் சப்டைட்டில் செய்ய வழிவிட்டால் போதும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி எஞ்சினில் இல்லாவிட்டால் ‘கொ’வில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். அன்ரியல் எஞ்சினில் அந்த வசதி இருக்கிறது. வேறு எஞ்சினாக இருந்தால் முதல் வாரத்திலேயே ‘கொக்கு’, ‘ஸ்ரீ’, ‘பௌர்ணமி’ மூன்றையும் மெனுவில் போட்டுப் பார்க்கச் சொல். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வைத்து நடுவில் பெயரைச் செருகும்படி எழுதாதீர்கள், நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், துண்டில் அதற்கு இடமிருக்காது. ஒவ்வொரு வரியும் முழு வாக்கியமாக, தனி அடையாள எண்ணோடு, வெளியே எடுத்துத் திருத்தக்கூடிய ஃபைலில் இருக்கட்டும். மோட் செய்கிறவர்களுக்கும், அதாவது கேமைத் தாங்களே மாற்றிப் பார்க்கும் ரசிகர்களுக்கும், அதே ஃபைல்தான் உதவும். லாரியன் தங்கள் மோட் கருவியை ஏழாவது பேட்சில் (வெளியீட்டுக்குப் பின் வரும் திருத்தம்), 2024 செப்டம்பரில்தான் கொடுத்தார்கள். நீங்கள் வெளியீட்டு நாளிலேயே கொடுத்துவிட்டால் மதிப்பு கூடும்.

தோல்விக் காட்சி ஒன்றையும் வெற்றிக் காட்சி ஒன்றையும் எழுதியதும், கம்பெனி ரகசியம் எதுவும் வராதபடி பெயர்களை மாற்றி, பயிற்சிக்காக நீ சொந்தமாக எழுதியதாக இருந்தால் மட்டும் எனக்கு அனுப்பு. நீளத்தையும் சோதனை எண்களையும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா